வரியும் மறுவும் வினையும்

புதுச்சேரி நகரத்தைச் சார்ந்த சாரம் பகுதியின் தெருக்களில் வைகறையில் நடப்பார் காணத்தக்க காட்சி ஒன்றுண்டு. ஒரு தாய் ஈன்ற நாய்க்குட்டிகள் ஐந்தாறு, திண்ணையோரத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து உறங்கும். அவற்றுள் ஒன்று முழுச் செவலை, ஒன்று கரியது, ஒன்று வெண்மையில் கருமறு விரவியது, பிறிதொன்று புலிக்குட்டி போல் உடலெங்கும் வரியோடியது. வயிறு ஒன்று, பால் ஒன்று, பிறந்த பொழுதும் ஒன்று. நிறம் மாத்திரம் ஒன்றாகவில்லை. இவ்வேற்றுமை யாதனான் வந்தது என்னும் வினா சிறுவர்க்கும் எழுவது. ஆயினும் அதற்கு விடை தேடப் புகுவார் உடம்பின் காரணத்தையும் வினையின் இயல்பையும் தொடாது மீளல் இயலாது. அவ்வளவில் நில்லாது, நிறத்தை விரும்பி விலங்குகளைப் பெருக்குவார் செயல் அறத்தின்பாற் படுமா என்னும் வேறொரு வினாவும் அதனை அடுத்து எழும். முன்னையது அறிவைப் பற்றியது. பின்னையது ஒழுக்கத்தைப் பற்றியது. பின்னையதே இக்காலத்திற்குப் பெரிதும் வேண்டப்படுவது.

விலங்கின் மேனி வேற்றுமையைக் கூர்ந்து நோக்கியவர் தமிழர் என்பதற்கு மொழியே சான்று. நீண்டோடுவது வரி, வட்டமாய் நிற்பது புள்ளி, ஒழுங்கின்றிப் படர்ந்தது மறு, யானையின் முகத்திற் செறிந்தது புகர். ஆனிரையுள் கரியதைக் காரி என்றும், செம்மையதைச் செவலை என்றும், சாம்பல் படர்ந்த வெண்மையதை மயிலை என்றும் கொங்குநாட்டு வேளாளர் இன்றும் வழங்குவர். காங்கேயக் கன்று பிறக்கும்போது செந்நிறத்ததாய் இருந்து ஆறு திங்களளவில் சாம்பல் நிறம் எய்தும். தஞ்சைக் கடைமடைப் பகுதிக்குரிய உம்பளாச்சேரி இனத்துக் கன்றும் செந்நிறமாய்ப் பிறந்து, முகத்திலும் காலிலும் வாலிலும் வெள்ளைக் குறியோடு வளர்ந்து, பின் நிறம் மாறுவதே. ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரை அடுத்த பர்கூர் மலைமாடோ, செம்பழுப்பு மேனியில் வெள்ளை தெறித்தாற்போன்ற மறுவுடையது. எந்த இரண்டு பர்கூர் மாட்டுக்கும் மறு ஒருபடித்தாய் அமைவதில்லை.

இவ்வேற்றுமைக்குக் காரணம் கூறுவாருள் முற்பட நிற்பவர் உலகாயதர். மயிலுக்கு நிறந்தீட்டினார் யார், முள்ளைக் கூர்மை செய்தார் யார், எல்லாம் இயல்பே என்பது அவர் துணிபு. சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதத்தையே முதற்கண் எடுத்து மறுப்பதாதல் அன்பர் அறிந்தது. இற்றைநாளில் அவ்வழக்கு வேறு சொல்லால் எழுகின்றது. எல்லாம் மரபணுவின் செயல். அதற்கப்பால் வினை என்றும் கடவுள் என்றும் கூற இடமில்லை என்பர். இதனை மறுக்கப் புகுவார் சிலர் அறிவியலையே பொய் என்று தள்ளிவிடுகின்றனர். அஃது சைவர்க்கு வேண்டாத வேலை, நன்றுமன்று. முதலில் அறிவியலார் கண்டது இன்னதென அறிந்துகொள்ளல் வேண்டும்.

விலங்கின் மயிருக்கு நிறந்தருவன இரு நிறமிகள். ஒன்று கருமையும் கரும்பழுப்பும் தருவது. மற்றது செம்மையும் மஞ்சளும் தருவது. இவற்றை ஆக்கும் நுண்ணறைகள் தோலிலேயே தோன்றியன அல்ல. கரு வளருங்காலத்து முதுகந்தண்டு ஆகவிருக்கும் இடத்தின் மேல்விளிம்பில் தோன்றி, அங்கிருந்து இருபுறமும் இறங்கி, வயிறு கால் முகம் என எங்கும் சென்று குடியேறுவன. செல்லும் வழியில் அவை குறைந்துபோயின் கடையிடங்கள் நிறமின்றி வெளுத்து நிற்கும். நெற்றி, மார்பு, அடிக்கால், வால்நுனி ஆகியவற்றில் வெண்மை மிகுதியாகக் காணப்படுவது இதுபற்றியே. நாயின் வரிநிறம் வேறுவகையது. அதன்கண் நிறமி அறைகள் குறைவதில்லை. ஒரு வரியில் கருநிறமியும் அடுத்த வரியில் செந்நிறமியும் மாறிமாறி ஆக்கப்படுகின்றன. அதற்குரிய மரபணுவை 2007இல் கண்டுபிடித்தனர். வரிநாய்க்கு அவ்வரியால் நோயொன்றும் இல்லை. இந்த வேறுபாடு பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

வரியும் புள்ளியும் இடம்விட்டு இடம் ஒழுங்காக அமைதல் எங்ஙனம் என்பதற்கு ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1952இல் ஒரு விளக்கம் தந்தார். ஒன்றையொன்று தூண்டுவதும் தடுப்பதுமாகிய இரு பொருள்கள் கருவினூடே வெவ்வேறு விரைவிற் பரவுமாயின், ஒருபடித்தாய் இருந்த பரப்பில் தாமே அலையும் புள்ளியும் தோன்றும் என்பது அது. பரப்பளவும் விரைவும் சிறிது மாறினும் புள்ளி வரியாகும், வரி புள்ளியாகும்.

ஈண்டு வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மூவண்ணப் பூனை எனப்படும், கருமையும் செம்மையும் வெண்மையும் கலந்த பூனை, ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும். பெண்ணுடலின் ஒவ்வோர் அறையிலும் பால்குறிக்கும் மரபிழை இரண்டு இருந்தும், கருவின் தொடக்கத்திலேயே அறைதோறும் ஒன்று உறங்கிவிடும் என்று மேரி லயன் என்பார் 1961இல் கூறினார். எவ்வறையில் எது உறங்கும் என்பதற்கு நியதி இல்லை. செம்மை தரும் இழை விழித்திருந்த அறையின் வழித்தோன்றல் செம்மறுவாகும், மற்றது கருமறுவாகும். அமெரிக்க நாட்டு டெக்சஸ் மாநிலத்தில் 2001ஆம் ஆண்டு திசம்பரில், இத்தகைய மூவண்ணப் பூனை ஒன்றன் உடலறையிலிருந்து படிவழிப் பூனை ஒன்றைப் பிறப்பித்தனர். விதை முற்றும் ஒன்றே. பிறந்த குட்டியிடத்துச் செம்மை சிறிதும் இல்லை! தாயின் நிறத்தைத் திரும்பப் பெறலாம் என்று எண்ணுவார்க்கு இயற்கை அளித்த விடை அது. ஆகவே மரபணு ஒன்றே எல்லாவற்றையும் வரையறுத்துவிடும் என்பது அறிவியலார்க்கே உடன்பாடன்று.

அற்றேல், மரபணு எட்டாத அவ்விடத்தில் வினையை வைத்துவிடலாமன்றோ என்பார் உளர். பலர் அவ்வாறே எழுதியும் பேசியும் வருகின்றனர். அது பிழைபட்ட முறை. அறிவியல் இன்று அறியாதது நாளை அறியப்படும். அன்று வினை அவ்விடத்தை விட்டு ஓடவேண்டிவரும். வினை என்பது அறியாமைக்கு இட்ட மறுபெயர் அன்று. சித்தாந்தம் காரணம் மூன்றெனக் கூறும். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உடம்பிற்கு மாயை முதற்காரணம், இறைவனது சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணன், உயிரின் வினை அவ்வுடம்பு இன்ன வகையதாதற்கு ஏது. இம்முறையில் நோக்கின் நிறமியும் மரபணுவும் டூரிங் கூறிய இரு பொருள்களும் ஆகிய யாவும் மாயையின் காரியமே. மண்ணின் இயல்பை நுணுகி ஆராய்ந்தான் ஒருவன், குயவன் இல்லை என்று முடிவு கூறுதல் பொருந்தாது. அங்ஙனமே, குயவன் உண்டு என்பான் மண்ணின் இயல்பை ஆராயவேண்டுவதில்லை என்றலும் பொருந்தாது.

இன்னும் நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வினைப்பயன் என்பது இன்பத் துன்ப நுகர்ச்சி. நாய்க்குட்டிக்குத் தன் மேனி வரியுடையதாதல் இன்பமுமன்று, துன்பமுமன்று. அது தன் முதுகைக் கண்டதே இல்லை. ஆகவே இந்த மறு இந்த வினையால் வந்தது, அந்த நிறம் அந்தப் பாவத்தால் வந்தது எனக் கணக்கிட்டு உரைப்பார் தம் அறிவெல்லை கடந்து உரைப்பவரே. மாட்டின் சுழியும் மறுவும் பார்த்து ஆகும் ஆகாது எனக் கூறும் மாட்டு வாகட நூல்கள் தமிழில் உள்ளன. மாட்டு நோய்க்கு மருந்து கூறும் பகுதியால் அவை போற்றத்தக்கனவே. சுழிக் குற்றம் கூறும் பகுதியால் நல்ல மாடுகள் பல, வாங்குவாரின்றிக் கசாப்புக்குப் போயின என்பதையும் மறத்தலாகாது. இத்தகைய நம்பிக்கை தமிழ்நாட்டிற்கே உரியதுமன்று. கிறித்தவர் விவிலிய நூலின் முதற்பகுதியில், யாக்கோபு என்பவர் பட்டையுரித்து வரிசெய்த கோல்களை நீர்த்தொட்டியில் வைத்து, அவற்றைப் பார்த்துச் சினையுற்ற ஆடுகள் வரியும் புள்ளியுமுடைய குட்டிகளை ஈனச்செய்தார் என்றொரு கதை வருகின்றது.

இனி, நிறம் நுகர்ச்சிக்கு ஏதுவாகும் இடங்களும் உண்டு. அவ்விடங்களிலேதான் யாருக்காக அந்நிறம் என்று வினவவேண்டும்.

புலியின் வரி புலிக்காக. மானினத்தின் கண் செம்மஞ்சளைப் பச்சையினின்று பிரித்தறிய வல்லதன்று. ஆதலால் புதரிடை நிற்கும் புலி அவற்றிற்குப் புதராகவே தோன்றும். கரிய வரிகள் உடலின் உருவை உடைத்துப் புல்லின் நிழலோடு கலந்துவிடும். ஒரு புலியின் வரி பிறிதொன்றிற்கு இல்லை. இதனைக்கொண்டே காட்டில் ஒளிப்படக் கருவிகளை வைத்துப் புலிகளை எண்ணுகின்றனர். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியப் புலிகள் ஏறக்குறைய 3,682 என மதிப்பிட்டது இம்முறை கொண்டே. வரிக்குதிரையின் வரி கடியீக்களைக் குழப்புவது என்பர். ஜப்பானியர் கரிய பசுக்களின்மீது வெள்ளை வரி தீட்டி ஆராய்ந்து, ஈக்கள் மொய்ப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என 2019இல் வெளியிட்டனர். அந்தப் பசுக்களுக்கு அன்று மேனியின் வரி நேரே இன்பமாயிற்று எனலாம்.

ஒரிசாவின் சிமிலிபால் காட்டில் வரிகள் அகன்று ஒன்றோடொன்று கூடி ஏறக்குறையக் கரும்புலி போலத் தோன்றும் புலிகள் உள. பெங்களூரைச் சார்ந்த உமா இராமகிருட்டிணன் என்னும் அம்மையாரும் உடனாய்வோரும் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2021இல் வெளிப்படுத்தினர். அக்காட்டுப் புலிகள் பிற காடுகளினின்று பிரிக்கப்பட்டுச் சிறுகூட்டமாய்த் தமக்குள்ளேயே இனம் பெருக்க நேர்ந்தமையே அம்மாற்றம் மிக்கதற்கு ஏது என்பது அவர் முடிபு. மனிதர் காட்டைத் துண்டாடியதன் விளைவு புலியின் முதுகில் எழுதப்பட்டது போலும்.

அது கருதாது விளைந்தது. கருதிச் செய்தது வெண்புலி. ரீவா நாட்டு மன்னர் மார்த்தாண்ட சிங் 1951இல் வெண்புலிக்குட்டி ஒன்றைப் பிடித்து மோகன் எனப் பெயரிட்டு வளர்த்தார். அதனைச் செம்மஞ்சட் புலியோடு சேர்த்தபோது வெள்ளைக்குட்டி பிறக்கவில்லை. பின்னர் அதன் மகளோடே அதனைச் சேர்த்தனர். 1958இல் வெண்குட்டிகள் நான்கு பிறந்தன. உலகக் காட்சியகங்களில் உள்ள வெண்புலிகளுள் மிகப்பல அவ்வழியின. அடைத்த கூட்டில் தந்தையும் மகளும், உடன்பிறந்தனவும் சேர்க்கப்பட்டமையால் மாறுகண்ணும் பிற குறைகளும் அவ்வழியிற் பெருகின. கண்ணினின்று மூளைக்குச் செல்லும் நரம்பு தடம் மாறி அமைவதே வெண்புலியின் மாறுகண்ணுக்கு ஏது. காண்பார் கண்ணுக்கு விருந்தாக அமைத்த நிறம், அதனையுடைய உயிரின் கண்ணைக் கெடுத்தது. காட்டில் வாழ்வார் எவரும் இப்பண்டமாற்றைக் கேட்கவில்லை. சீட்டு வாங்கிக் காண்போர் கேட்டனர்.

தமிழ்நாட்டிலேயே இதற்கொத்த வழக்கு ஒன்றுண்டு. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையத்தின் பெயர்பெற்ற வேட்டைநாய், பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. இந்திய அஞ்சல்துறை 2005இல் நாட்டு நாய்களுக்கென வெளியிட்ட தலைகள் நான்கனுள் ஒன்று இதற்குரியது. வீரமும் பற்றும் நிறைந்த இவ்வினத்தில் கரியதும் புள்ளியுடையதுமாகிய குட்டிகளும் இடையிடையே பிறத்தலுண்டு. வெண்மையே உயர்வெனக் கொண்ட வளர்ப்போர் அவற்றை விலக்கிவிடுதல் வழக்கமாயிற்று. விலக்குதல் என்னும் சொல் ஈண்டுப் பல இடங்களில் கொல்லுதலையே குறித்தது. எஞ்சிய வெண்குட்டிகளுள்ளோ பல செவிடாய்ப் பிறக்கின்றன. இரண்டும் ஒரே விருப்பத்தின் இரு பயன்கள்.

வெண்மைக்கும் செவிட்டிற்கும் தொடர்பென்னை? நிறமி அறைகள் தோலுக்கு மாத்திரம் உரியன அல்ல. அவை உட்செவியிலும் சென்று குடியேறி, ஓசையை உணரும் நுண்மயிர்கள் உயிரோடிருத்தற்கு வேண்டும் உப்புநீரைக் காத்துத் தருகின்றன. கருவில் அவை செவிவரை சென்று சேராவிடின், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் அந்நுண்மயிர்கள் மடிந்துபோம். செவி திறந்து சில நாளே ஓசை கேட்டு, உடனே என்றைக்குமாக அடைபட்ட உயிர்கள் அவை. மேனியின் நிறத்துக்கும் செவிட்டிற்கும் உள்ள தொடர்பு புதிதாய்க் கண்டதன்று. நீலக்கண் பூனைகள் செவிடாதலைச் சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட நூலிலேயே குறித்துள்ளார். வெள்ளையில் கரும்புள்ளி அழகாய்ப் பரந்த தால்மேசியன் நாய்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது 100க்கு ஏறக்குறைய 30 ஒரு செவியிலோ இரு செவியிலோ கேளாதன என்பது தெரியவந்தது.

மெர்ல் என்று மேனாட்டார் வழங்கும் நிறமே இதனை மிகத் தெளிவுபடக் காட்டுவது. சாம்பல் மேனியில் கரிய துண்டுகள் கிழித்து ஒட்டியதுபோன்று தோன்றும் அந்நிறத்திற்கு இந்தியச் சந்தையிலும் இந்நாளில் விலை மிகுதி. அதன் மரபணு 2006இல் அறியப்பட்டது. தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மாத்திரம் அதனைப் பெற்ற குட்டி பெரும்பாலும் நலமாகவே வாழும். இருவரும் மெர்ல் ஆயின் நான்கில் ஒரு குட்டி அதனை இரட்டையாகப் பெறும். அக்குட்டி மேனி மிக வெளுத்து, கண் சிறுத்தோ குருடாயோ, செவி கேளாதோ பிறத்தல் உண்டு. 153 மெர்ல் நாய்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த கணக்கின்படி, ஒற்றையாகப் பெற்றவற்றுள் இரு செவியும் கேளாதன 100க்கு 1க்கும் குறைவு. இரட்டையாகப் பெற்றவற்றுள் 15. ஒரு செவி கேளாதன மேலும் 10. வரிநாய்க்கு வரியால் தீங்கில்லை என்று முன்னர்க் கூறியதனை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. கண்ணுக்கு இரண்டும் அழகே. ஒன்று உடையானுக்குத் தீங்கற்றது. மற்றது அவனையே விலையாகக் கேட்பது. கண் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியமாட்டாது, அறிவுதான் அறியவல்லது.

இவ்வளவும் அறிந்தும் இரு மெர்ல் நாய்களைச் சேர்ப்பான் ஒருவனைக் கடிந்துரைப்பின் அவன் கூறும் விடை சைவர்க்குரிய சொல்லாலேயே வருதல்கூடும். “அக்குட்டி செவிடாதல் அதன் வினை. வினையை விலக்க யாரால் ஆகும்? யான் கருவி மாத்திரையே” என்பான். இது பொய்க்கூற்று என்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று; பாதி உண்மை கலந்தது. உயிர்க்கு வரும் துன்பம் தெய்வத்தான் வருவது, பூதங்களான் வருவது, தன்னானும் பிற உயிர்களானும் வருவது என வகைபெறக் கூறுப. பிற உயிர்வழி வரினும் அது நுகர்வானுடைய வினைப்பயனே என்பதில் ஐயமில்லை. ஆயின் அம்முடிபு நுகர்வானை நோக்கியது, செய்வானை நோக்கியதன்று. செய்வான் விருப்புப் பற்றிச் செய்யும் ஒவ்வொன்றும் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். ஒரே நிகழ்ச்சி ஒருவனுக்குப் பிராரத்தக் கழிவும், மற்றொருவனுக்கு ஆகாமிய வரவுமாதல் சித்தாந்தத்தில் வெளிப்படை. கருவி என்று தன்னைக் கூறிக்கொள்பவன், கிடைத்த விலையையும் கருவிக்கு உரியதன்று என்று திருப்பிக் கொடுப்பானாயின் அவன் சொல்லை ஏற்கலாம்.

திருவாரூரில் மனுநீதி கண்ட சோழன் மைந்தனது தேர்க்காலில் கன்று ஒன்று அகப்பட்டு இறந்த வரலாற்றை இவ்விடத்து நினைக்க. கன்று தானே துள்ளி வந்து விழுந்தது, மைந்தன் கண்டிலன், அமைச்சர் கழுவாய் உண்டென்றனர். அறிஞரும் அமைச்சரும் நிறைந்த அவ்வவையில் ஒருவரும், கன்று இறந்தது கன்றின் வினை என்று தாய்ப்பசுவுக்கு மறுமொழி கூறத் துணிந்திலர். வினைக்கொள்கை அறியாதவர் அல்லர் அவர். பிறர் துன்பத்திற்கு அது விடையாகாது என்பதையும் அறிந்தவர். சேய்ஞ்ஞலூரில் முட்டவந்த ஆவை ஆயன் கோலால் அடித்தபோது விசாரசருமர் ஆவின் வினை என்று வாளா சென்றிலர். தாமே மேய்ப்பேன் என நிரையை ஏற்றுக்கொண்டார். சண்டேசுர பதம் அதன்வழி வந்தது. சாத்தனூரில் மூலன் இறந்தமை கண்டு கதறிய பசுக்களின் துயர் தீர்த்தற்கன்றோ திருமூலர் அவ்வாயன் உடம்பில் புகுந்தார்! திருத்தொண்டர் வரலாற்றுள் விலங்கின் துயரைக் கண்டு வினைநூல் ஓதியவர் ஒருவரும் இலர்.

இரண்டாவது தடை இதனினும் கூரியது. “யான் இவ்விரு நாய்களைச் சேர்க்காவிடின் அக்குட்டி பிறந்தே இராது. செவிடாயினும் பிறந்தமை நன்றன்றோ? பிறவாதிருத்தலினும் அஃது அதற்கு மேலே. எனவே யான் அதற்குத் தீங்கு செய்திலேன்” என்பது. மேனாட்டு அறிஞர் இத்தடையில் இடர்ப்பட்டு நிற்கின்றனர். தெரெக் பார்பிட் என்னும் ஆங்கில மெய்ப்பொருளறிஞர் 1984இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்து, முடிந்த விடை தாமும் காணாது நின்றார். பிறக்குமுன் ஒருவன் இல்லை என்று கொள்ளும் கொள்கைக்கு இத்தடை கடத்தற்கு அரிது. இல்லாதவனுக்குத் தீங்கு செய்தல் எங்ஙனம் என்று அது மருளும்.

சித்தாந்தத்திற்கு அம்மருட்சி இல்லை. உயிர் அநாதி. நாய் வளர்ப்பான் படைத்தது ஒன்றுமில்லை. அவ்வுயிர் அவனுக்கு முன்னும் உளது, பின்னும் உளது. இந்த உடம்பு வாராவிடின் தன் வினைக்கீடாய வேறோர் உடம்பு அதற்கு இறைவனால் தரப்படும். ஆகவே பிறப்பித்தேன் என்று நன்றி கேட்கும் உரிமை அவனுக்குச் சிறிதுமில்லை. அற்றேல் வேறோரிடத்தும் அவ்வுயிர் செவிட்டுடம்பே பெறுமாயின் இவன் செய்த தீங்கென்னை எனின், எவ்வுயிர்க்கு எவ்வுடம்பு என வகுத்தல் முற்றறிவுடையான் தொழில். அத்தொழிலை இவன் நோக்கிச் செய்திலன். இவன் நோக்கியது மேனியின் மறுவையும் அதற்குரிய விலையையுமே. இறைவன் அருள்பற்றி ஊட்டுவதும், ஒருவன் அவாப்பற்றி ஊட்டுவதும் புறத்தே ஒன்றுபோல் தோன்றினும் வேறு வேறு. இவ்விடை தடையை முற்றும் அறுத்ததெனக் கொள்ளாதார் உளராயின், அவர் அதனை மேலும் ஆராய்தல் நன்று. இந்நெறியில் ஆராய்ச்சிக்குக் கதவடைப்பில்லை.

பசு என்னும் ஒரே சொல்லால் ஆவையும் ஆன்மாவையும் சைவநூல்கள் கூறுவதன் பொருள் இங்கே விளங்கும். இரண்டும் கட்டுண்டவை. கட்டுண்ட ஒன்று கட்டுண்ட மற்றொன்றின்மேல் மேலும் ஒரு கட்டை, அழகு கருதிப் பூட்டுவதையே இவ்வழக்கில் காண்கின்றது. சாரத்திற்கு அணித்தாகப் புதுச்சேரிக் கடற்கரைப் பகுதியில் 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவாகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் காக்கப்படுகின்றன; புதுச்சேரிச் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அச்சுவடிகள் பதி பசு பாசம் என்று விரித்துரைக்கும் பொருளில் பசு என்பது தெருவில் கிடக்கும் வரிக்குட்டியையும் உளப்படுத்தியதே என்பதைச் சுவடி காப்பாரும் ஓதுவாரும் ஒருங்கே நினைத்தல் தகும்.

வெண்மையின்மீது சைவர்க்குள்ள அன்பும் ஈண்டு எண்ணத்தக்கது. திருநீறு வெள்ளை, விடை வெள்ளை, கயிலை வெள்ளை. இவ்வன்பு தூயதே. ஆயின் அது வீட்டு வாயிலில் நிற்கும் நாயின் நிறத்தைத் தேர்வதற்கு அளவுகோலாகும்போது, புனிதமெனக் கருதி வாங்கப்பட்டது செவிட்டு வெண்மையாகிவிடுதல் கூடும். வைரவ மூர்த்திக்கு ஊர்தி நாய் என்பதனால் கருநாய்க்குச் சோறிட்டுச் செவலை நாயைக் கல்லெறிவாரும் உளர். ஊர்திக்குப் பெருமை நிறத்தால் வந்ததன்று, சுமந்த பொருளால் வந்தது.

நிறத்தின் உயர்வு தாழ்வு பேசுவார்க்குச் சைவநூலே மறுமொழி தருகின்றது. திருநீற்றுக்குரிய பசுக்கள் ஐந்தையும் பிருகச்சாபால உபநிடதம் இறைவனது ஐந்து திருமுகங்களோடும் ஐந்து பூதங்களோடும் பொருத்திக் கூறும். சத்தியோசாதத்தினின்று கபிலநிற நந்தை. வாமதேவத்தினின்று கருநிறப் பத்திரை. அகோரத்தினின்று செந்நிறச் சுரபி. தற்புருடத்தினின்று வெண்ணிறச் சுசீலை. ஐந்தாவதும் மேலானதுமாகிய ஈசான முகத்தினின்று தோன்றிய சுமனைக்கு அந்நூல் கூறும் நிறம் யாது? வெண்மையன்று, சித்திரவர்ணம், அஃதாவது பலநிறம் விரவிய மேனி. நூலுக்கு நூல் இந்நிறங்கள் மாறிக் கூறப்படுதலும் உண்டு. ஆயினும் எந்நூலும் ஐவருள் ஒன்றன் சாணம் நீறாகாது என்று விலக்கியதில்லை. வெந்தபின் ஐந்தும் ஒரே நிறமே.

வளர்ப்புத் தொழிலே கூடாது என்பது இதனால் பெறப்படுவதன்று. காங்கேயமும் உம்பளாச்சேரியும் பர்கூரும் மனிதர் தேர்ந்து வளர்த்தமையால் நின்ற இனங்களே. மலையேறுதற்கும், சேற்றில் உழுதற்கும், வெயில் தாங்குதற்கும் ஏற்றவற்றை முன்னோர் தேர்ந்தனர். அத்தேர்வில் விலங்கின் உடல்நலமும் உடன் அடங்கியது. நோயுற்ற எருது ஏரில் நில்லாது. காட்சிக்கென்று மாத்திரம் தேரும்போதே அக்காவல் ஒழிந்துபோகின்றது. இந்திய அரசு 2017இல் நாய் இனப்பெருக்குவோர்க்கும் விற்போர்க்கும் விதிகள் வகுத்துப் பதிவைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் நாய்களைப் பதிவுசெய்யும் சங்கம் இரு மெர்ல் நாய்களுக்குப் பிறந்த குட்டிகளைப் பதிவேட்டில் ஏற்பதில்லை. அமெரிக்க விலங்குக் காட்சியகங்களின் சங்கம் தன் உறுப்பினர் வெண்புலியைப் பெருக்குதலை 2011இல் விலக்கியது. இவற்றைக் காட்டிலும் நேரிய வழி ஒன்று உளது: வாயினுட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்து, அந்நாயிடம் மெர்ல் மரபணு உண்டா என இந்நாளில் ஆராய்ந்து அறியலாம். செவியின் நரம்போசையை அளந்து, ஒரு செவி மாத்திரம் கேளாத நாயையும் கண்டு இனப்பெருக்கத்தினின்று நீக்கலாம். அறியாது செய்தேன் என்னும் சொல்லுக்கு இருந்த சிறு இடமும் இவற்றால் குறைந்துவிட்டது.

ஏற்கெனவே பிறந்துவிட்ட செவிட்டுக்குட்டிகளின் நிலை வேறு. அவற்றைப் பயனற்றவை என்று விலக்குவார் செயல், பிறப்பித்தார் செயலினும் கொடியது. செவிகேளா நாய் கைச்சைகையை விரைவிற் கற்கும். வா, இரு, உண் என்பவற்றுக்கு ஒவ்வொரு சைகை வகுத்து, செய்யுந்தோறும் சிறிது உணவு தந்தால் சில வாரத்தில் தெளியும். தரையைக் காலால் தட்டின் அதிர்வை உணர்ந்து திரும்பிப் பார்க்கும். இரவில் விளக்கை ஏற்றி அணைத்து அழைக்கலாம். உறங்கும்போது பின்னின்று தொடுதல் கூடாது, திடுக்குற்றுக் கடிக்கும், மூக்கின்முன் கையை நீட்டி மணம் உணரச்செய்து எழுப்புதல் வேண்டும். வண்டி வரும் ஓசை அதற்குத் தெரியாதாகலின், சாரத்தின் பெருவழிகள் போன்ற நெருக்கமான தெருக்களில் அதனைக் கயிறின்றி விடுதலாகாது.